வருஷத்துக்கு ஒரு சாண் பட்டை

அருமனைப் பக்கத்து வாட்ஸ்அப் குழு ஒன்றில் அந்த விளம்பரம் வந்து விழுந்தபோது, பெங்களூருக்குப் போக வேண்டியது பஸ் மாறி ஏறி இங்கே இறங்கிவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

"தேவை: ரப்பர் டேப்பிங் எக்சிகியூட்டிவ். நானூறு மரம். ஐந்தாண்டு அனுபவம் கட்டாயம். பயோடேட்டாவும் இரண்டு பேர் பரிந்துரையும் கொண்டு வரவும். நேர்முகத் தேர்வு உண்டு."

டேப்பிங் என்றால் பால் வெட்டு. விடியும் முன்னே மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, வடிகிற பாலுக்குச் சிரட்டை வைக்கிற வேலை. அதற்கு எக்சிகியூட்டிவ் என்றொரு பெயர் உண்டு என்பது அதைச் செய்கிறவர்களுக்கே அன்றுதான் தெரியும். இரண்டு பேர் உடனே சட்டைக்கு இஸ்திரி போட்டார்கள்.

விளம்பரம் போட்டவர் பத்மகுமார். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஆளெடுக்கிற அதிகாரியாக இருந்து ஊர் திரும்பியவர். எத்தனையோ தேசத்து மனிதர்களை எதிரே உட்கார்த்திவைத்து, அவர்கள் பொய் சொல்வதைப் புன்னகையோடு கேட்டுப் பழகியவர். ஊருக்கு வந்த பிறகு எதிரே உட்கார ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அங்கே இருக்கும்போதே வாங்கிப் போட்டிருந்த நானூறு மரமும் ஏழு வருடம் வளர்ந்து, இப்போது முதல் வெட்டுக்கு நின்றன. பதினொரு கேள்விகள் அச்சடித்த படிவத்தைக் கையில் எடுத்தபோது அவருக்குப் பத்து வயது குறைந்ததாக அவர் மனைவி சொன்னார்.

முதலில் வந்தவரிடம் "உங்க நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?" என்று கேட்டார். அவர் போலீஸ் சமாசாரம் என்று நினைத்து, பைக்கில் சாவி போட்டது போட்டபடி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று என்று கிளம்பிவிட்டார். இரண்டாமவர் படிவத்தை வீட்டில் வைத்து நிரப்பித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார்; இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "சாரு முன்ன எங்க வேலை பாத்திய? அத ஏன் விட்டிய?" என்று திருப்பிக் கேட்டார். பத்மகுமாருக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"நாட்டுல வேலைக்கு ஆளே இல்ல" என்று அவர் சொல்லத் தொடங்கியது அதற்கு மறுநாளில் இருந்து.

அதே வாரம், அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், நாட்டில் வேலையே இல்லை என்று பகவதி சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று சந்திக்க ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற ஒரு கடைக்காரன் தேவைப்பட்டான்.

பகவதிக்கு நாற்பத்து நான்கு வயது. பிறந்தது சிதறால் பக்கம். மலைமேல் உள்ள பழைய சமணக் கோவிலைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள். அவள் மேலே ஏறிப் பார்த்தது இரண்டே முறை. பதினேழு வயதில் அண்டி ஆபீஸுக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். ஆபீஸ் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை வேறெந்த ஊரும் செய்ததில்லை. காலையில் இருந்து மாலைவரை குந்தியிருந்து கொட்டையை உடைத்தால், ஓட்டு எண்ணெய் விரலைத் தின்று கறுப்பாக்கிவிடும். பெண் பார்க்க வந்த அன்று அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றதும், மாப்பிள்ளை முருகதாஸ் தன் கையை நீட்டிக் காட்டியதும் அவர்கள் வீட்டுக் கதை. அவன் விரலிலும் ரப்பர் பால் காய்ந்து கறை பிடித்திருந்தது. "கறையும் கறையும் சேர்ந்தா கணக்கு சரியாவும்" என்றானாம். அண்டி ஆபீஸுக்கு அன்றோடு முழுக்கு.

முருகதாஸுக்குக் கைநல்லவன் என்று பெயர். பெரிய தோட்டக்காரர்கள்கூட அவனுக்காகக் காத்திருப்பார்கள். முத்துநாயகத்தின் மலைத்தோட்டத்தில் அவன் வெட்டுவான், பகவதி பின்னாலேயே போய்ப் பால் எடுப்பாள். பிறகு கீழே இறங்கி இருவருமாகப் பாலை உறையவைத்து ஷீட் அடிப்பார்கள். முத்துநாயகத்துக்கு முட்டுவலி. மலை ஏறமாட்டார். ஷீட்டை மட்டும் எண்ணிப் பார்ப்பார்.

ஆறேழு வருடத்துக்கு முன்னால் முருகதாஸ் நெற்றி விளக்கைக் குறை சொல்லத் தொடங்கினான். வெளிச்சம் போதவில்லை என்று பேட்டரி மாற்றினான். பிறகு விளக்கையே மாற்றினான். மூன்றாவது விளக்கு வாங்கியபோதுதான், கெட்டது விளக்கில்லை என்று பகவதிக்குப் புரிந்தது. சர்க்கரை கண்ணுக்குள் ஏறியிருந்தது. மருத்துவக் கல்லூரியில், இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று சொல்லிவிட்டார்கள். கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே தடியில் படத் தொடங்கியது. பட்ட இடத்திலெல்லாம் பகவதி மருந்து பூசி, மேலே கொஞ்சம் மண்ணும் தடவி மறைத்தாள். ஒருநாள் அவன் ஒரே மரத்தில் மூன்று இடம் காயப்படுத்தியதும், அவள் கத்தியைப் பிடித்து வாங்கினாள்.

"நீங்க வெளிச்சம் காட்டுங்க. நான் வெட்டுதேன்."

ஒரு மாதம் அவன் வெளிச்சம் காட்டினான். பிறகு, காலில் மரவேர் தட்டி விழுந்த நாளில் இருந்து, வீட்டில் இருந்தான். பகவதி அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாக மலை ஏறினாள். கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு விளக்கு அசைவதும் அதே கட்டம்போட்ட சட்டையும்தான் தெரியும். "முருகதாஸ் வெட்டுதான்" என்றார்கள். அவளும் அதைத் திருத்தவில்லை. கண் போன மனிதனிடம் பெயரும் போய்விட்டால் பிறகு என்ன மிச்சம் இருக்கும்?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் வெட்டுக்காரனை யாரும் வெட்டிக் காட்டச் சொல்வதில்லை. கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் மரம் புண்ணாகும். புண் ஆறி முண்டாகும். அந்த முண்டு மரம் சாகிறவரை இருக்கும். முன்பின் தெரியாத கைக்கு எவன் தன் மரத்தைக் கொடுப்பான்? அதனால், கடைசியாக எந்தத் தோட்டத்தில் வெட்டினாய் என்று கேட்பார்கள். அங்கே போய் மரத்தைப் பார்ப்பார்கள். வெட்டு மேலே தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும்; முன்பக்கம் அடிவரை தீர்ந்தால், பின்பக்கம் உச்சியில் தொடங்குவார்கள். வருஷத்துக்கு ஒரு சாண் பட்டை தீரும். கைநல்லவன் அதிலும் ஒரு விரல் மிச்சம் பிடிப்பான். ஆகவே மரத்தின் முன்னால் நின்று சாண் போட்டுப் பார்த்தால், எந்த வருடம் எப்படி வெட்டியிருக்கிறது என்று வாசித்துவிடலாம். பயோடேட்டாவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பட்டையில் பொய் எழுத முடியாது.

பகவதியின் சங்கடமும் இதுதான். ஐந்து வருடம் எழுதியது அவள். ஊர் வாசித்தது முருகதாஸ் என்று.

முத்துநாயகம் பழைய மரங்களை முறித்துவிட்டுப் புதுக்கன்று வைக்க முடிவு செய்ததும் வேலை போயிற்று. பகவதி தன் பெயரிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு தோட்டக்காரரிடம் போனாள்.

"எங்க வெட்டின?"

"முத்துநாயகம் சாருக்க மலையில."

"அது முருகதாஸ் வெட்டினதுல்லா? நீ பாலு எடுத்திருப்ப."

பகவதி திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து, அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டதாம் என்று முருகதாஸிடம் சொன்னாள். மறுவாரம் அண்டி ஆபீஸில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தாள். எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே எப்போதும் எடுப்பார்கள். அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஷீட் கடை சிஜோ, ஒரு உபகாரத்தைச் செய்கிறவனுக்கு உரிய அவசரத்தோடு வந்து சேர்ந்தான்.

"அக்கா, மஸ்கட் சாருக்கு ஆள் வேணும். நான் முருகதாஸ் அண்ணனுக்க பேரைச் சொல்லியாச்சு. அண்ணனை நாளைக்குக் காலையில அனுப்புங்க. ஒரு பேண்ட் இருந்தா போட்டுட்டுப் போவச் சொல்லுங்க, கேட்டியளா."

பழைய ஏற்பாடுதான்: பெயர் அவனுடையது, கை அவளுடையது. மறுநாள் இருவரும் போனார்கள். முருகதாஸ் வேட்டியில்தான் போனான். பேண்ட் இருந்தது, ஆனால் அதன் பொத்தான்களுக்கும் அவன் வயிற்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வாசல் படி வந்ததும் பகவதி இருமினாள். நாற்காலி வந்ததும் இருமினாள். உங்க மனைவிக்கு நெஞ்சில் சளி இருக்கும்போல என்றார் பத்மகுமார்.

படிவத்தை நீட்டியதும் முருகதாஸ் "கண்ணாடி எடுக்க மறந்துட்டேன் சாரே" என்றான். பகவதி வாங்கி நிரப்பினாள். பிறகு கேள்விகள் தொடங்கின.

"உங்களோட பலம் என்ன?"

முருகதாஸ் யோசிக்கவே இல்லை. "இவதான் சாரே."

"சரி. பலவீனம்?"

"அதும் இவதான். இவ இல்லாம எனக்கு ஒரு காரியம் ஓடாது."

பத்மகுமார் குனிந்து 'கூட்டாக வேலை செய்யும் பண்பு உண்டு' என்று எழுதினார். மஸ்கட்டில் இப்படி ஒரு பதில் சொன்னவனை அவர் மேலாளர் ஆக்கியிருக்கிறார்.

"ஐந்து வருடம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

"இஞ்சதான் சாரே. வேற எங்க போவ?"

பதினொன்றும் முடிந்தது. பத்மகுமாருக்குப் பரம திருப்தி. கடைசியாக, மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முத்துநாயகத்தின் தோட்டத்துக்கு வந்து மரத்தைப் பார்க்க வேண்டும். பரிந்துரைச் சோதனை இல்லாமல் அவர் யாரையும் எடுத்ததில்லை. திங்கட்கிழமை அங்கே மரம் முறிக்க ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டதால் அவசரம். இரண்டாவது, வேலை உறுதியானால் அவரும் தினமும் காலையில் கூடவே வந்து நிற்பார். தன் மரத்தைத் தானே தெரிந்துகொள்ளாத முதலாளி முதலாளியே இல்லை என்று ஒரு வீடியோவில் கேட்டிருக்கிறார்.

முதல் விஷயத்தில் பகவதிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரண்டாவதில் அப்படியே காய்ந்தது. முத்துநாயகத்துக்கு முட்டுவலி இருந்தது. இந்த மனிதருக்குத் தலைவலிகூட இருப்பதாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிறவரிடம் சட்டையை மாற்றிக்கொண்டு ஏமாற்ற முடியுமா?

திரும்பி வருகிற வழியில் அவள்தான் முதலில் பேசினாள்.

"இது சரிப்படாது. வேண்டாம்னு சிஜோகிட்ட சொல்லிருதேன். நான் அண்டி ஆபீஸுக்குப் போறேன்."

முருகதாஸ் அவள் தோளில் கை வைத்து நடந்துகொண்டிருந்தான். "உள்ளதைச் சொன்னா என்ன?"

"என்னத்த உள்ளது? ஊரெல்லாம் முருகதாஸுக்க கை, முருகதாஸுக்க கைன்னு சொல்லுகு. அது அப்படியே இருக்கட்டும். அஞ்சு வருஷமா பெண்டாட்டி வெட்டினதுக்கு இவன் பேரு வாங்கினான்னு நாளைக்கு ஒருத்தன் கேலி பண்ணப்பிடாது."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை நானும் மலைக்கு வருவேன்."

"வேண்டாம்னு சொல்லப்போறோம், பின்ன எதுக்காக்கும்?"

"அடுத்த நாளு முறிக்கப்போறாங்கல்லா. ஒருக்கத் தொட்டுட்டு வாறேன்."

அதை அவள் மறுக்க முடியவில்லை. வேண்டாம் என்று சிஜோவிடம் சொல்வதையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தாள்.

ஞாயிறு காலை வெயில் ஏறிய பிறகு நால்வரும் மலையில் நின்றார்கள். பத்மகுமார் ஒரு கையில் படிவமும் ஒரு கையில் அளவு நாடாவும் வைத்திருந்தார். முத்துநாயகம் ஜீப்பில் தோட்டத்து விளிம்புவரை வந்து, மீதியைக் கம்பூன்றிக் கடந்தார். தன் மரங்களைப் பக்கத்தில் பார்த்து அவருக்கே பல வருடம் ஆகியிருந்தது. புது இடத்துக்கு வந்ததுபோலச் சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"இவரை மறுபடியும் வேலைக்கு எடுப்பீங்களா?" பத்மகுமார் படிவத்தைப் பார்த்து வாசித்தார்.

"எடுக்கதுக்கு மரம் வேண்டாமா? நாளைக்கு லாரி வருதே" என்றார் முத்துநாயகம். "முருகதாஸுக்க கை எப்படியாப்பட்ட கை! இவன் வெட்டின மரத்துல எறும்பு ஏறினாலும் வழுக்கும். எழுதும், சாரே, எழுதும்."

பத்மகுமார் எழுதினார். பகவதி பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டாள். முருகதாஸ் மட்டும் அவர்களை விட்டுவிட்டு முதல் மரத்துக்குப் போயிருந்தான். போனது என்ன, கைநீட்டித் துழாவிக் கண்டுபிடித்தான். பட்டையில் கையை வைத்தான்.

முன்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தடவினான். மாட்டின் முதுகைத் தடவுகிறவன்போல நிதானமாக. பிறகு சுற்றிப் போய்ப் பின்பக்கத்தின் உச்சியில் கை வைத்தான். அங்கே விரல் நின்றது. ஒரு முண்டு. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒரு சாண் தூரம் விரல்கள் மேடு பள்ளமாக ஏறி இறங்கின. அதற்குக் கீழே வந்ததும் கை சட்டென்று வழுக்கிக்கொண்டு போயிற்று. கைக்கு எதுவும் தட்டவில்லை. மறுபடி மேலே கொண்டுபோய், மறுபடி இறக்கினான். அடுத்த மரத்துக்குப் போனான். அதற்கடுத்ததற்கும் போனான். ஆறாவது மரத்தில் நின்றான்.

"ஏட்டி, பகவதி."

"கேட்டியளா, வெயில் ஏறுகு. இறங்குவோம்."

"செத்த நில்லு. டெய்லி வந்து சொல்லுவியே, இன்னைக்கு ரெண்டு இடத்துல தடியில பட்டுப்போச்சு, மூணு இடத்துல பட்டுப்போச்சுன்னு. அதெல்லாம் எங்கட்டி?"

பகவதி பத்மகுமாரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்து வருடமும் அவள் மலையிறங்கி வந்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி அது: "எத்தனை பட்டுது?" உண்மையில் ஒன்றும் பட்டிருக்காது. ஒன்றும் படவில்லை என்று சொன்ன முதல் நாள் அவன் "கொள்ளாம், நல்லது" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச எதுவும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததை அவள் கண்டாள். மறுநாள், ரெண்டு இடத்துல பட்டுப்போச்சு என்றாள். அவன் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். மணிக்கட்டை இப்படித் திருப்பணும், நிழல் விழாத பக்கம் நிக்கணும் என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தான். அன்றைக்குச் சோறும் கூடுதலாகச் சாப்பிட்டான். அதன் பிறகு அவள் தினமும் இரண்டு மூன்று காயங்களோடுதான் வீட்டுக்குப் போனாள். உலகத்தில் எல்லாரும் தங்கள் அனுபவத்தைக் கூட்டித்தான் எழுதுவார்கள். ஐந்து வருடமாகத் தினமும் குறைத்துச் சொன்ன ஆள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"தேடிப் பாருங்க. அங்க எங்கயாவது இருக்கும்" என்றாள்.

"ஆறு மரம் தேடியாச்சு." அவன் திரும்பி, குரல் வந்த பக்கம் பார்த்து, பத்மகுமார் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பேசினான். "சாரே, இஞ்ச வாரும். இந்த முன்பக்கம் எனக்க வெட்டு. அப்பம் எனக்குக் கண்ணு உண்டு. பின்னால மேல கிடக்க ஒரு சாணும் எனக்க வெட்டுதான். அது கண்ணு போன பிறகு. தொட்டுப் பாரும், கல்லு ரோடு மாதிரி இருக்கும். அதுக்குக் கீழ உள்ளது நானில்ல."

"பின்ன யாரு?" என்றார் பத்மகுமார்.

"இவளாக்கும். அஞ்சு வருஷம். வேணும்னா நாடா வச்சுப் பாரும். அஞ்சு சாண் வரணும், வராது. அஞ்சு வருஷத்துல அரைச் சாண் பட்டை மிச்சம் பிடிச்சிருக்கா. எனக்குக் கண்ணு இருந்தப்பமும் இப்படி வெட்டினதில்ல. இவ்வளவு நாளும் நான் இவளுக்கு மணிக்கட்டு திருப்பப் படிப்பிச்சிட்டு இருந்திருக்கேன், பாத்துக்கிடும்!"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறப் பார்த்தது. பகவதி போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்மகுமார் மரத்தடியில் மண்டியிட்டு நாடாவைப் பிடித்தார். நாலரைச் சாண். அடுத்த மரத்திலும் நாலரை.

"எனக்கு அப்பமே தெரியும்" என்றார் முத்துநாயகம். எல்லாம் வெளிப்பட்ட பிறகு இதைச் சொல்லாத மனிதர் இன்னும் பிறக்கவில்லை. "சட்டை இவன் சட்டை. நடை இவன் நடையில்ல. ஷீட்டு முன்னைவிட நல்லா வந்துது. நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?" அது உண்மையாகவும் இருக்கலாம். ஷீட் நன்றாக வரும்போது வாயைத் திறக்கிற முதலாளியை எங்கும் கண்டதில்லை.

பத்மகுமார் முட்டியில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். முகம் இறுகியிருந்தது. "அப்ப இன்டர்வியூல நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க."

பகவதி இப்போது நேராகப் பார்த்தாள். "இல்ல சாரே. நீங்க கேட்ட ஒண்ணுக்கும் பொய் சொல்லல்ல. பலம் என்னன்னு கேட்டிய, பலவீனம் கேட்டிய, கோபம் வந்தா என்ன செய்வேன்னு கேட்டிய. மரத்தை வெட்டினது யாருன்னு நீங்க கேக்கவேயில்ல."

பத்மகுமார் படிவத்தைப் பிரித்து ஒன்றில் இருந்து பதினொன்றுவரை விரல் வைத்துப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வி அதில் இல்லைதான். இருபத்திரண்டு வருடமாக அதில் இல்லை. மஸ்கட்டில் தான் எடுத்த ஆட்களில் எத்தனை பேருடைய வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்களோ என்ற சந்தேகம் அவருக்கு அந்த மலையில் வைத்துத்தான் முதன்முதலாக வந்தது. எத்தனை பெண்டாட்டிகள், எத்தனை கீழ்நிலை எழுத்தர்கள்!

"இருந்தாலும்…" என்று இழுத்தார். "லேடீஸ், விடியமுன்னே, அந்த இருட்டில, தனியா…"

"அஞ்சு வருஷமா போய் வந்தாச்சு சாரே. இருட்டு இதுவரைக்கும் எங்கிட்ட ஆணா பெண்ணான்னு கேட்டதில்ல."

முத்துநாயகம் கம்பைத் தரையில் தட்டிச் சிரித்தார். பத்மகுமாருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பேனாவை எடுத்தார். படிவத்தின் தலைப்பில் முருகதாஸ் என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே பகவதி என்று எழுதினார். பரிந்துரை செய்கிறவர் ஒன்று: முத்துநாயகம். இரண்டு என்ற இடத்தில் பேனா நின்றது.

"எனக்க பேரைப் போடும்" என்றான் முருகதாஸ்.

"சொந்தக்காரங்க கூடாதுன்னு விதி இருக்கு."

"சொந்தக்காரன்னு போட வேண்டாம். இந்த வேலையை முன்ன செய்தவன்னு போடும்."

பத்மகுமார் அப்படியே எழுதினார்.

திங்கட்கிழமை லாரி வந்தது. இரண்டே நாளில் அந்த மலை மொட்டையாயிற்று. அந்த ஐந்து வருடமும் பெட்டிப் பலகையாகப் போய்ச் சேர்ந்தது. பகவதி அதைப் பார்க்கப் போகவில்லை. அவளுக்கு நேரமும் இல்லை. புதன்கிழமை காலை பத்மகுமாரின் தோட்டத்தில் முதல் வெட்டுக்கு மரங்களை அளந்து அடையாளம் போட வேண்டியிருந்தது.

அவள் தன்னுடைய சொந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தாள்; புதிதாக வாங்கியது, முழுக்கை. பத்மகுமார் சொன்னபடி கூடவே வந்து நின்றார். படிவமும் கூட வந்திருந்தது. விண்ணப்பதாரர் மாறிவிட்டதால், நியாயப்படி எல்லாக் கேள்விகளையும் மறுபடி கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. பத்துக் கேள்விகளை அவராகவே விட்டுவிட்டார். ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை.

"ஐந்து வருடம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

பகவதி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தின் முன்னால் குனிந்தாள். வெட்டுத் தொடங்கப் போகிற அடையாளத்தில் கட்டைவிரலை ஊன்றி, சாண் போட்டுக் கீழே இறங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதைப் பாதியில் நிறுத்தி, தரைக்கு ஒரு சாண் மேலே விரலை வைத்தாள்.

"இஞ்ச சாரே" என்றாள். "இந்த இடத்துல."